ஆல்கலைன் பாஸ்படேஸ்: சொல்லும் பொருளும்

ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘ஏ.எல்.பி.’ என்று இருப்பது ஆல்கலைன் பாஸ்படேஸ்தான். இது ஒரு நொதி (என்சைம்), அதாவது உடலில் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம். பெரும்பாலும் கல்லீரல் சோதனைகளோடு சேர்ந்து வரும். எலும்புப் புற்றுக்கு மருத்துவம் பார்ப்பவர்களும் இதைக் கவனமாகப் பார்ப்பார்கள்.

‘ஆல்கலி’ அரபுச் சொல்லிலிருந்து வந்தது. உவர்நிலச் செடியை எரித்த சாம்பலைக் குறித்தது. தமிழில் ‘காரம்’. மிளகாய்க் காரம் அல்ல, சவுக்காரத்தில் இருக்கும் காரம். இந்த நொதி காரத்தன்மையுள்ள கரைசலில் சுறுசுறுப்பாக வேலை செய்வதால் வந்த அடைமொழி அது. சாப்பாட்டுக் காரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘பாஸ்படேஸ்’ என்றால் பாஸ்பேட்டை (பாஸ்பரஸும் ஆக்ஸிஜனும் சேர்ந்த பொருளை) மற்ற பொருள்களிலிருந்து பிரித்தெடுப்பது. கடைசியில் வரும் ‘ஏஸ்’ நொதிகளுக்கான விகுதி; 1833-இல் பெயரிடப்பட்ட டயஸ்டேஸ் என்ற நொதியின் பெயரிலிருந்து பரவியது.

என்சைம் என்ற கிரேக்கவழிச் சொல்லுக்குப் ‘புளிப்பில் உள்ளது’ என்று பொருள். மாவு புளித்துப் பொங்குவதை நொதித்தல் என்கிறோமே, அதிலிருந்து பிறந்த ‘நொதி’ அருமையான சொல். இலங்கைப் பாடநூல்களில் ‘நொதியம்’.

சரி, எலும்புக்கு வருவோம். எலும்பாக மாறும் குருத்தெலும்பில் இந்த நொதி நிறைந்திருப்பதை 1923-இல் லண்டனில் உயிர்வேதியியலர் ராபர்ட் ராபிசன் எடுத்துக்காட்டினார். எலும்பு படிவதைத் தடுக்கும் பைரோபாஸ்பேட் என்ற பொருளை இது உடைக்கிறது. தடையும் நீங்குகிறது, கால்சியத்தோடு சேரப் பாஸ்பேட்டும் கிடைக்கிறது. பிறவியிலேயே இந்த நொதி குறைந்தவர்களுக்கு எலும்பு உறுதியாவதில்லை.

ஆஸ்டியோசார்கோமா என்பது எலும்பை உருவாக்கும் புற்று. பதின்வயதினரின் முழங்காலை ஒட்டித்தான் அதிகம் வருகிறது. அந்தப் புற்றணுக்களும் எலும்புப் பொருளை உருவாக்குவதால், பலருக்கு ரத்தத்தில் ஏ.எல்.பி. கூடுகிறது. தொடக்கத்தில் அளவு மிக உயர்ந்திருந்தால் நோய் கடுமையாக இருக்கக்கூடும். சிகிச்சைக்குப் பின் இறங்கியது மறுபடி ஏறினால் மருத்துவர் உஷாராவார். எல்லோருக்கும் கூடுவதில்லை என்பதால், அளவு இயல்பாக இருக்கிறது என்று வலியையும் வீக்கத்தையும் தள்ளிவிடக் கூடாது. அதேபோல், வளரும் பிள்ளைகளுக்கு இது இயல்பாகவே பெரியவர்களைவிடக் கூடுதலாக இருக்கும். பெற்றோர் அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பதற வேண்டியதில்லை. எக்ஸ்ரேயும் திசுப் பரிசோதனையும்தான் நோயை உறுதி செய்யும்.

தமிழில் ‘காரப் பாஸ்படேஸ்’ என்று எழுதுவதுண்டு. பொதுவாசகருக்கு ‘பாஸ்பேட் பிரிக்கும் நொதி’ என்றே சொல்லலாம். வேலையும் அதிலேயே விளங்கிவிடும். அடைப்புக்குள் ஏ.எல்.பி. என்று போட்டுவிட்டால், கையில் இருக்கும் தாளோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள்.