காதை அடைத்தால் நாதம் ஏன் கெடுகிறது?

நாதஸ்வரக் கலைஞர்களிடம் "இயர் பிளக் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "காதை அடைச்சா வாசிக்க வராதுங்க." இதை அலட்சியம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அலட்சியமே இல்லை, அவர்கள் சொல்வது உண்மை. அதற்குத் தெளிவான இயற்பியல் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் புரிந்தால் வாசிப்பையும் காதையும் சேர்த்தே காப்பாற்றலாம்.

வாசிக்கும்போது கலைஞரின் காதுக்கு ஒலி இரண்டு வழிகளில் வருகிறது. உலவின் (நாதஸ்வரத்தின் நீண்ட குழல்) துளைகளிலிருந்தும் அணைசிலிருந்தும் (அடியில் விரிந்த வாய்) காற்று வழியாக வருவது ஒன்று. இன்னொன்று எலும்பு வழியாக வருகிறது. உதடுகளுக்கு நடுவே சீவாளி (ஊதும் நாணல் பட்டை) துடிக்கும்போது வாய்க்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்கிறது. அந்த அதிர்வு தாடைக்கும் மண்டை ஓட்டுக்கும் ஏறுகிறது. தாடை எலும்பின் முனை காதுத் துவாரத்தை ஒட்டினாற்போல இருக்கிறது. சுண்டுவிரலைக் காதுக்குள் வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், அது நகர்வது விரலில் தெரியும்.

காதுக் குழாயின் வெளிப்பாதி குருத்தெலும்பால் ஆனது, வளைந்து கொடுக்கக்கூடியது. எலும்பு அதிரும்போது இந்தச் சுவரும் அதிர்ந்து, குழாய்க்குள்ளேயே ஓர் ஒலியை உண்டாக்குகிறது. காது திறந்திருந்தால் அதன் கீழ் சுரங்கள் வாசல் வழியாக வெளியேறிவிடும். வாசலை அடைத்துவிட்டால் போக வழியில்லாமல் அத்தனையும் செவிப்பறையில்தான் மோதும். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகினால் குரல் மண்டைக்குள் கும்மென்று பெருகுகிறதே, அதுதான் இது. கீழ் சுரங்களில் இந்தப் பெருக்கம் 20 டெசிபல் வரைகூடப் போகும்.

மருந்துக்கடையில் வாங்கும் பஞ்சுபோன்ற இயர் பிளக்கை எல்லோரும் காது வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால் இந்தக் கும்மென்ற ஓசை முழு அளவில் வருகிறது. போதாததற்கு, அந்த பிளக் வெளியிலிருந்து வரும் ஒலியில் மேல் அதிர்வெண்களைத்தான் அதிகம் தடுக்கும். ஆக, சீவாளியின் கூர்மை போய்விடுகிறது, ஜோடி நாதஸ்வரமும் சுருதிக்கு ஊதும் ஒத்தும் எங்கோ தள்ளிப் போய்விடுகின்றன, தன் வாசிப்பு மட்டும் தொண்டைக்குள் உறுமுகிறது. சுருதி சேர்கிறதா என்று தெரியாத நிலையில் கலைஞர் இன்னும் அழுத்தி ஊதுவார். அப்புறம் பிளக்கைக் கழற்றி வைத்துவிடுவார். வேறு என்ன செய்வார்?

தீர்வு ஆழத்தில் இருக்கிறது. காதுக் குழாயின் உள்பாதிக்குச் சுவர் எலும்பு, அது அப்படி அதிர்ந்து கொடுக்காது. குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி அந்த எலும்புப் பகுதியில் போய் அடைப்பு உட்கார்ந்தால், ஒலியை உண்டாக்கும் குருத்தெலும்புப் பகுதியின் பெரும்பங்கு அடைப்புக்கு வெளியே நின்றுவிடும். கும்மென்ற ஓசை கணிசமாக அடங்கும். இதற்கு அவரவர் காதுக்கு அச்சு எடுத்து சிலிக்கானில் செய்ய வேண்டும். காது கேட்கும் கருவிக்கு அச்சு எடுப்பவர்களே இதற்கும் எடுப்பார்கள். "ஆழமாக, இரண்டாவது வளைவுக்கு அப்பால் வரை அச்சு வேண்டும், ஊதும் வாத்தியம் வாசிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வழக்கமான குட்டை அச்சுதான் கிடைக்கும்.

அந்த அச்சுக்குள் ஒரு சின்ன ஃபில்டர் உட்காரும். 1988-ல் அமெரிக்காவின் எட்டிமோட்டிக் நிறுவனம் கொண்டுவந்த ஈ.ஆர்.-15 இந்த வகையில் முன்னோடி. அது கீழ் சுரம், மேல் சுரம் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவாக 15 டெசிபல் குறைக்கிறது. நாதத்தின் நிறம் மாறாது, சத்தம் மட்டும் இறங்கும்.

15 டெசிபல் என்பது கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் டெசிபல் கணக்கில் 3 கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் வகுத்த வரம்பு 85 டெசிபலுக்கு நாளைக்கு 8 மணி நேரம். அங்கிருந்து ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 100 என்றால் 15 நிமிடம்தான். அதாவது, 100 டெசிபலில் நிற்பவர் அந்தச் சின்ன ஃபில்டரைப் போட்டுக்கொண்டால் கால் மணி நேரம் 8 மணி நேரமாகிறது.

அந்த வரம்பைத் தாண்டினால் உள்ளே என்ன ஆகிறது? உள்காதின் நத்தைச் சுருளில் ஒரு காதுக்குச் சுமார் 3,500 ஒலியை உணரும் உள் மயிரிழைச் செல்களும் 12,000 வெளி மயிரிழைச் செல்களும் இருக்கின்றன. பறவைகளுக்கு இவை அழிந்தால் மறுபடி முளைக்கும், நமக்கு முளைக்காது. முதலில் அடிபடுவது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. சுமார் 2.5 செ.மீ. நீளமுள்ள நம் காதுக் குழாய் 3,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே தானாக ஒத்ததிர்ந்து ஒலியைப் பெருக்கி அனுப்புவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஷட்ஜமும் பஞ்சமமும் பழையபடி கேட்கும் என்பதால் கலைஞருக்கு நெடுநாள் எதுவும் தெரியாது. கூட்டத்தில் யாராவது பேசினால் ச, த, ப எழுத்துகள் நழுவும், அவ்வளவுதான். சிலருக்கு ஒரே சுரம் இரண்டு காதிலும் இரண்டு சுருதியாகக் கேட்க ஆரம்பிக்கும். இசைக்காரருக்கு இதைவிடக் கொடுமை இல்லை.

கச்சேரி முடிந்து காதில் ஙொய்யென்று இரைச்சல், காலையில் சரியாகிவிட்டது, அதனால் பரவாயில்லை என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிட்டது. 2009-ல் குஜாவா, லிபர்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள்: கேட்கும் திறன் பழைய அளவுக்குத் திரும்பிய பிறகும், பாதிக்கப்பட்ட பகுதியில் செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் ஏறக்குறைய பாதி வரை நிரந்தரமாக அற்றுப்போயிருந்தது.

உடம்பே கொடுத்த ஒரு பாதுகாப்பும் உண்டு. பெரிய சத்தம் கேட்டால் நடுக்காதின் அங்கவடி எலும்பை ஒரு குட்டித் தசை இழுத்துப் பிடிக்கும். ஆனால் அது முக்கியமாகக் கீழ் அதிர்வெண்களைத்தான் தடுக்கிறது, அதுவும் சற்றுத் தாமதமாக. தவிலின் வலந்தலையில் (வலது முகம்) விரலில் மாட்டிய கடினமான கூடு விழும் அந்தச் சுரீர் ஒலி, தசை அசைவதற்குள் உள்ளே போய்விடும்.

இதில் எனக்குப் பெரிய கவலை பக்கத்தில் இருப்பவரைப் பற்றித்தான். நாதஸ்வரத்தின் அணைசு வாசிப்பவரை விட்டு விலகித்தான் பார்க்கிறது. தவிலின் இரண்டு முகங்களும் இரு பக்கத்தையும் பார்க்கின்றன. ஆக, ஒவ்வொருவர் காதுக்கும் அடுத்தவர் வாத்தியம்தான் எதிரே நிற்கிறது. லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் 2012-ல் நடந்த ஒரு வாக்னர் ஒத்திகையில், பித்தளை வாத்தியங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வயோலா கலைஞர் ஒருவரின் காது கெட்டது. நிறுவனமே பொறுப்பு என்று 2018-ல் நீதிமன்றம் சொன்னது. அவர் வாசித்தது சாதுவான தந்தி வாத்தியம்!

திறந்தவெளியில் இடைவெளியை இரண்டு மடங்காக்கினால் 6 டெசிபல் குறையும். இரண்டடி தள்ளி இருந்த தவில் நான்கடி தள்ளிப் போனால், தாங்கும் நேரம் நான்கு மடங்காகிறது. மண்டபத்தில் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் பலன் குறைவு. அங்கே முதலில் செய்ய வேண்டியது மைக்கை அகற்றுவது. கோபுர வாசலில் தொடங்கி நான்கு வீதியும் கேட்கப் பிறந்த வாத்தியத்துக்கு, கூரை போட்ட மண்டபத்தில் மைக்கும் மேடையிலேயே ஸ்பீக்கரும் எதற்கு? கல்யாண வீட்டார் இதை யோசிக்க வேண்டும். மைக் இருந்தே தீர வேண்டும் என்றால் ஸ்பீக்கரையாவது மேடைக்கு முன்னால், கலைஞர்களுக்கு முதுகு காட்டி வையுங்கள்.

சாதகம் செய்யும் அறைதான் கச்சேரியைவிட ஆபத்து, ஏனென்றால் அது தினமும் நடக்கிறது. டைல்ஸ் போட்ட சின்ன அறையில் சுவரைப் பார்த்து வாசித்தால் அணைசிலிருந்து போனதெல்லாம் முகத்துக்கே திரும்பும். திறந்த கதவையோ ஜன்னலையோ பார்த்து உட்காருங்கள், சுவரில் கனத்த ஜமக்காளம் தொங்கவிடுங்கள். புதிய பிளக்கை நேராகக் கச்சேரிக்கு எடுத்துப் போகாமல் சாதகத்திலேயே சில வாரம் பழகிக்கொள்வது நல்லது.

வருடத்துக்கு ஒரு முறை ஆடியோகிராம் (காது கேட்கும் திறனை அளக்கும் சோதனை) எடுங்கள். முந்தைய நாள் கச்சேரியும் சாதகமும் இல்லாத காலையில் போனால்தான் சரியான அளவு தெரியும். சாதாரணச் சோதனையில் 3,000, 6,000 ஹெர்ட்ஸை விட்டுவிடுவதுண்டு, அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வாத்தியம் கையில் எடுக்கும் வயதிலேயே பிள்ளைகளுக்கு முதல் ஆடியோகிராம் எடுத்து வைத்துவிட்டால், பின்னால் வருவதை ஒப்பிட ஓர் அளவு கையில் இருக்கும்.