விளிம்புக்கு அப்பால் ஆறு ஃப்ரேம்

காலாடிப்பேட்டை மாணவர் ஒருவர், ஒரு பெண்ணை மலையேற்றும் 'செலஸ்ட்' என்ற 2018ஆம் ஆண்டு வீடியோ விளையாட்டைப் பதிவுசெய்து, ஃப்ரேம் ஃப்ரேமாக, அதாவது ஒவ்வொரு நிலைப்படமாக, ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: "கால் பாறையை விட்டு விலகிய பிறகுதான் பட்டனை அழுத்தினேன். ஆனாலும் குதித்துவிட்டது. நிரலில் பிழையா?"

தெரிந்தே விட்ட ஓட்டை அது, தம்பி.

குதிப்பது பள்ளிக்கூட இயற்பியல்தான். மேல்நோக்கி ஒரு வேகம், அதைக் குறைத்துக்கொண்டே வரும் ஈர்ப்பு, உச்சியில் பூஜ்யம், பிறகு இறக்கம். 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' அந்த ஈர்ப்பிலேயே கைவைத்தது. மேலேறும்போது பட்டனைப் பிடித்திருந்தால் ஈர்ப்பு குறைவு, விட்டுவிட்டால் அதிகம். தொண்ணூறுகளில் பழைய வண்ணாரப்பேட்டையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடிய நாங்கள், ஓங்கி அமுக்கினால் உயரக் குதிக்கும் என்று சத்தியமே செய்வோம். பட்டனுக்கு அழுத்தம் தெரியாது. ஆனால் ஓங்கி அமுக்குகிறவன் விரலை எடுக்கவும் நேரமாகும் அல்லவா? ஆக, பாதி உண்மை. விளையாட்டுக் கேசட்டில் வாயால் ஊதினால் படம் வரும் என்ற நம்பிக்கைக்கு அந்தப் பாதிகூடக் கிடையாது. கழற்றி மாட்டியதில் தொடுமுனைகள் பொருந்தின, பெயர் எங்கள் ஊதலுக்குப் போனது. எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கத்தான் உதவும்.

இனி அந்த ஓட்டை. கார்ட்டூனில் கயோட்டி என்ற, ஓநாய் போன்ற விலங்கு மலைவிளிம்பைத் தாண்டியும் காற்றில் ஓடும், குனிந்து பார்த்த பிறகே விழும். அதை வைத்து இதற்குக் 'கயோட்டி டைம்' என்று பெயர். தரையில் நிற்கும்வரை ஒரு கடிகாரம் 0.1 நொடியில் நிற்கிறது. கால் விலகியதும் அது இறங்கத் தொடங்குகிறது. பூஜ்யத்தைத் தொடும் முன் பட்டனை அழுத்தினால், தரையில் நின்று அழுத்தியதாகவே கணக்கு. நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுவதால் இது ஆறு ஃப்ரேம். 'செலஸ்ட்' பெண் நொடிக்கு 90 பிக்சல் ஓடுகிறாள், எனவே 9 பிக்சல் தூரம். நிரல் அவளுக்குத் தரும் உடல் அகலமோ 8 பிக்சல்தான்! முழு உடலும் வெறுங்காற்றில், சற்றே இறங்கவும் தொடங்கியாயிற்று, ஆனாலும் குதிக்கிறாள். ஆடுகிறவருக்கு மட்டும் அது தெரிவதே இல்லை.

ஏன் தெரிவதில்லை? கண்ணில் பட்டதற்கு விரல் பதில் சொல்லவே சுமார் 0.2 நொடி ஆகும். அதனால் விளிம்பு வரும் நேரத்தை முன்கூட்டியே ஊகித்துத்தான் அழுத்துகிறோம். தொலைக்காட்சியும் தன் பங்குக்குப் படத்தைத் தாமதப்படுத்தும். நாம் 'விளிம்பில்' என்று நினைத்த கணம் இயந்திரத்தின் கணக்கில் விளிம்பு தாண்டிய கணம். கிளம்பிவிட்ட பஸ்ஸின் பின்னால் ஒருவர் ஓடிவருவதைக் கண்ணாடியில் பார்த்து, ஓட்டுநர் சற்றே வேகத்தைக் குறைப்பாரே, அந்த நயம் இது. ஏறியவர் தன் ஓட்டத்தைத்தான் மெச்சிக்கொள்வார்.

நீங்களே சிறிய விளையாட்டு ஒன்றை எழுதி, அந்த 0.1ஐப் பூஜ்யமாக்கித் தங்கையிடம் கொடுத்துப் பாருங்கள். ஈர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். பட்டன் கெட்டுப்போய்விட்டது என்பாள்.