−1.4613 ஐ அட்டவணையில் எங்கே தேடுவது?

வெள்ளவத்தையில் இருந்து சாதாரண தர மாணவி ஒருவர் கேட்கிறார்: "0.03457 இன் மடக்கை கணிகருவியில் −1.4613 என்று வருகிறது. ரியூசனில் 2̄.5387 என்று எழுதித் தந்தார்கள். எது சரி?"

மடக்கை என்பது 10 ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் அந்த எண் வரும் என்பது. இந்த இரண்டு விடையும் ஒரே எண்தான். −2 உடன் 0.5387 ஐக் கூட்டிப் பாருங்கள், −1.4613 வரும். 'பார் டூ' என்ற அந்தக் கோடு 2 இன் தலையில் மட்டுமே நிற்கிறது. புள்ளிக்குப் பின்னால் இருப்பது நேர் எண். கணிகருவியின் கழித்தல் குறி முழு எண்ணுக்கும் உரியது.

வில்லங்கம் முரண்மடக்கை, அதாவது மடக்கையில் இருந்து மூல எண்ணைத் திரும்பக் காணும்போதுதான் வரும். −1.4613 ஐப் பார்த்து அட்டவணையில் 4613 ஐத் தேடினால் 2893 கிடைக்கும், விடை பிழை. 1 ஐ 28.93 ஆல் வகுத்தால் 0.03457 வரும் என்பது உண்மை. ஆனால் நீள்வகுத்தலில் இருந்து தப்பத்தானே மடக்கைக்கே வந்தோம்!

அட்டவணைக்கு 1 இலிருந்து 10 வரையான எண்களை மட்டுமே தெரியும். அவற்றின் மடக்கை 0 இற்கும் 1 இற்கும் இடையில். ஆகவே தசமக்கூட்டை (புள்ளிக்குப் பின்னால் உள்ள பகுதி) எப்போதும் நேராக வைத்துக்கொண்டு, மறைத்தன்மை முழுவதையும் சிறப்பியல்பின் (புள்ளிக்கு முன்னால் உள்ள முழு எண்) தலையில் கட்டிவிடுகிறோம். இலக்கங்களைத் தருவது தசமக்கூட்டு. புள்ளியின் இடத்தைச் சொல்வது சிறப்பியல்பு. இந்தக் காரணத்தைச் சொல்லாமல் 'பார்' விதிகளை மந்திரம்போல் ஒப்புவிக்க வைப்பது வீண் வேலை.

5387 ஐத் தேடுவோம். அதை மீறாத மிகக் கிட்டிய எண் 5378; 34 ஆம் நிரை, 5 ஆம் நிரல், அதாவது 3.45. மீதி 9. அதே நிரையின் இடை வித்தியாசங்களில் (நான்காம் இலக்கத்துக்காக வலப்பக்கம் உள்ள நிரல்கள்) 9 இருப்பது 7 இன் கீழ். எனவே 3.457, சிறப்பியல்பு −2 என்பதால் புள்ளி இரண்டு இடம் இடப்பக்கம் நகர்ந்து 0.03457.

கனமூலம் காண மடக்கையை 3 ஆல் வகுக்க வேண்டும்; ஆனால் 2̄.5387 ஐ அப்படியே வகுக்காதீர்கள். முதலில் 3̄ + 1.5387 என்று மாற்றி, பிறகு 3 ஆல் வகுத்தால் 1̄.5129 வரும், முரண்மடக்கை 0.3258.

இப்படி அட்டவணையைப் பின்பக்கமாக வாசிக்கும்போதுதான் அதன் அழகான குணம் ஒன்று தெரியும். 1.20 இற்கு 0792, 1.21 இற்கு 0828. இடையில் 36 படிகள். நான்காம் இலக்கம் தாராளமாக உட்காரலாம். 9.87 இற்கு 9943, 9.88 இற்கு 9948. இங்கே 5 படிதான். மடக்கை அளப்பது வித்தியாசத்தை அல்ல, விகிதத்தை: 120 ரூபாய்ப் பாண் 121 ஆவதும் 987 ரூபாய்ச் சாமான் 988 ஆவதும் ஒன்றா?

அதனால் 0.9945 இற்கு முரண்மடக்கை தேடுபவர் சங்கடத்தில் மாட்டுவார். 9943 போக மீதி 2. இடை வித்தியாசத்தில் 4 இன் கீழும் 2, 5 இன் கீழும் 2. 9.874, 9.875 இரண்டுமே பொருந்தும். நான்கு தான அட்டவணையால் அதற்கு மேல் பிரித்துச் சொல்ல இயலாது. அந்தக் கடைசி இலக்கத்துக்காகப் புள்ளி வெட்டும் ஆசிரியர்கள் முதலில் 98 ஆம் நிரையை ஒருமுறை பார்க்கட்டும்.