மாறிலி: மாறாததும் மாற்ற முடியாததும்

கணினி நிரல் (கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பு) ஓடத் தொடங்கியது முதல் முடியும்வரை தன் மதிப்பு மாறாமல் இருக்கும் ஒன்றை ஆங்கிலத்தில் கான்ஸ்டன்ட் என்பர். அதற்குத் தமிழில் வழங்கும் சொல் மாறிலி. ஈர்ப்பு மாறிலி, பிளாங்க் மாறிலி என்று தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கணித, அறிவியல் பாடநூல்களின் வழியே மாணவர்க்குப் பழகிய அச்சொல்லே கணினித் துறைக்கும் வந்து சேர்ந்தது. ஆனால், கணினித் துறையில் கான்ஸ்டன்ட் என்பது ஒரே பொருளில் நிற்பதில்லை. வேறுபட்ட மூன்று பொருள்களை அந்த ஒரு சொல்லே சுமக்கிறது. மூன்றையும் மாறிலி என்றே எழுதிவிட்டால், ஆங்கிலத்தில் உள்ள குழப்பம் தமிழுக்கும் அப்படியே குடிபெயர்ந்துவிடும்.

இலத்தீனில் ஸ்தாரே என்பது நிற்றலைக் குறிக்கும் வினை. அதனோடு முன்னொட்டு ஒன்று சேர்ந்த கோன்ஸ்தாரே, உறுதியாக நிற்றல் என்ற பொருளைப் பெற்றது. அதிலிருந்து பிறந்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தபோது, மன உறுதி உடையவரையும் பற்று மாறாதவரையும்தான் குறித்தது. கணிதப் பொருள் பிற்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸும் அவரைச் சூழ்ந்தோரும் நுண்கணிதத்தை வளர்த்த காலத்தில், மாறும் கணியம், மாறாக் கணியம் என்ற பாகுபாடு நிலைபெற்றது. 1696இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லோப்பித்தால் வெளியிட்ட நுண்கணித நூலின் முதல் வரையறையே இந்தப் பாகுபாடுதான்: பிற கணியங்கள் மாறும்போது தான் மாறாமல் இருப்பதே மாறாக் கணியம்.

இலத்தீன் சொல் நிற்பதைச் சொல்ல, தமிழ்ச் சொல் இல்லாததைச் சொல்கிறது. மாறு என்னும் முதனிலை இங்கே தொழிற்பெயராக நின்று, இல்லாதது என்னும் பொருள்தரும் 'இலி' என்பதோடு புணர்ந்து, ஈற்று உகரம் கெட்டு மாறிலி ஆகிறது. முடிவு இல்லாதது முடிவிலி, ஒப்பு இல்லாதவன் ஒப்பிலி என்பன போன்ற அமைப்பு இது. (கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்தில் கோயில்கொண்டுள்ள ஒப்பிலியப்பனை மக்கள் உப்பிலியப்பன் என்றும் அழைக்கின்றனர், அங்கே உப்பில்லாமல் படைப்பதும் வழக்கம். முதற்பகுதி எதுவானாலும் 'இலி' தன் வேலையைச் செய்துவிடுகிறது.) இதற்கு இணையாக, வேரியபிள் என்பதற்கு அமைந்த மாறி என்ற சொல்லில், மாறு என்பதோடு செய்வதைக் குறிக்கும் இகர விகுதி சேர்ந்துள்ளது. பூச்சிக்கொல்லி, அலைபேசி முதலியவற்றில் வருவதும் அதே விகுதிதான்.

இந்த இணையில் ஒரு நடைமுறைத் தொல்லையும் உண்டு. மாறியில் என்பதும் மாறிலியில் என்பதும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே படும். பாடநூலை விரைந்து படிக்கும் மாணவர் ஓர் எழுத்தைத் தவறவிட்டால் பொருள் தலைகீழாகும். ஆயினும் மாறிலிக்கு மாற்றாகச் சிலர் எழுதும் நிலையெண் என்பதை நான் ஏற்கமாட்டேன். நிரலில் ஓர் ஊரின் பெயரோ, ஒரு கோப்பின் முகவரியோ மாறாமல் இருக்கலாம். அவற்றை எண் என்பது பொருந்தாது.

இனி, அந்த மூன்று பொருள்கள். முதலாவது, நிரலில் நேரடியாக எழுதப்படும் மதிப்பு: 7 என்ற எண்ணோ, மேற்கோள் குறிகளுக்குள் இட்ட 'மதுரை' என்ற எழுத்துச் சரமோ. ஆங்கிலத்தில் இதை லிட்டரல் என்றும், பழைய நூல்களில் கான்ஸ்டன்ட் என்றும் எழுதினர். தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புக் கணினி அறிவியல் நூல்களில் வரும் நிலையுரு என்ற சொல் இதற்கு நன்கு பொருந்துகிறது. எழுதிய உருவமே மதிப்பாக நிற்பதை அது காட்டுகிறது. 7 என்று எழுதியது 7ஆகத்தானே இருக்கும் என்று தோன்றலாம். ஆனால், ஃபோர்ட்ரான் என்னும் நிரல்மொழியைக் கணினிக்குப் புரியும்படி பெயர்த்துத் தந்த பழைய நிரல்பெயர்ப்பிகள் சிலவற்றில் அது கூட உறுதியில்லை. துணைநிரலுக்கு ஒரு நிலையுருவை அனுப்பினால் அதன் நினைவக முகவரியே அனுப்பப்படும். துணைநிரல் அந்த இடத்தில் வேறொரு மதிப்பை எழுதிவிட்டால், அதன்பின் முதன்மை நிரலில் 1 என்று எழுதிய இடங்களில் எல்லாம் 2 வந்து நிற்கும்.

இரண்டாவது, மதிப்புக்கு இட்ட பெயர். மாறிலி என்ற சொல் முழுமையாகப் பொருந்துவது இங்கேதான். 1970இல் நிக்லவுஸ் விர்த் வெளியிட்ட பாஸ்கல் மொழியில் மாறிலிகளை அறிவிப்பதற்கென்றே ஒரு பகுதி இருந்தது; ஃபோர்ட்ரானில் இவ்வசதி ஃபோர்ட்ரான் 77இன் பாராமீட்டர் கூற்றாக வந்தது. சி மொழியினர் நெடுங்காலம் நிரலைப் பெயர்ப்பதற்கு முன்பே செயல்படும் டிஃபைன் என்ற முன்செயலிக் கட்டளையைக் கொண்டே இவ்வேலையைச் செய்தனர். அது வெறும் உரை மாற்றீடு. பெயரிருந்த இடத்தில் எண்ணை ஒட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

பெயரிடுவதன் பயனை இந்தியாவின் சேவை வரி வரலாறு நன்றாகக் காட்டும். 12.36 விழுக்காடாக இருந்த அவ்வரி 2015 சூன் 1 முதல் 14 ஆகவும், அதே ஆண்டு நவம்பர் 15 முதல் மேல்வரியுடன் 14.5 ஆகவும், 2016 சூன் 1 முதல் 15 ஆகவும் உயர்ந்தது. 2017 சூலை 1 அன்று அவ்வரியே மறைந்து, பெரும்பாலான சேவைகளுக்கு 18 விழுக்காட்டுச் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. கட்டணச் சீட்டு அச்சிடும் நிரலில் 12.36 என்று பல இடங்களில் எழுதி வைத்தவர் ஒவ்வொன்றாகத் தேடி மாற்றியிருக்க வேண்டும். வரிவீதம் என்று ஒரே இடத்தில் பெயரிட்டவர் அந்த ஓர் இடத்தைத் திருத்தி முடித்திருப்பார். ஆனால், அந்த ஒரு திருத்தமும் தவறாகலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை: 2015 மே மாதச் சீட்டை மறுபடி அச்சிட்டால், அதில் பழைய வீதம்தான் வரவேண்டும். இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை மாறிய ஒன்று, நிரலின் ஓர் ஓட்டத்துக்குள் மாறவில்லை என்பதற்காக மாறிலி ஆகிவிடாது. அது நாளோடு சேர்த்துத் தரவுத்தளத்தில் வைக்கவேண்டிய தரவு. ஒரு நாளின் மணித்துளிகள், ஓர் அடிக்கு இத்தனை அங்குலம், 1983 முதல் வரையறையாகவே நிறுவப்பட்டுவிட்ட நொடிக்கு 29,97,92,458 மீட்டர் என்னும் ஒளியின் வேகம் ஆகியவை மாறிலி என்ற பெயருக்கு உரியவை.

மூன்றாவது பொருளே அதிகத் தொல்லை தருவது. சி++ மொழியை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரோஸ்ட்ரூப், மதிப்பைப் படிக்கலாம், எழுதக்கூடாது என்று விதிக்கும் ஓர் அடைமொழியைத் தொடக்கத்தில் ரீட்ஒன்லி என்றே அழைத்தார். பின்னர் அது கான்ஸ்ட் என்று பெயர் மாறி, 1989ஆம் ஆண்டின் சி மொழித் தரத்திலும் இடம்பெற்றது. பழைய பெயரே பொருளுக்கு நெருக்கமானது. சி மொழியில் கான்ஸ்ட் என்று அறிவித்த முழு எண், மொழியின் கண்ணில் இன்னும் ஒரு மாறிதான். ஆகவே மதிப்புக்கேற்ப வழி பிரிக்கும் தெரிவுக் கூற்றின் (சுவிட்ச்) கிளைகளில் மாறிலி கேட்கும் இடத்தில் அதை எழுத முடியாது. கான்ஸ்ட், மதிப்பு நிரலுக்கு வெளியிலிருந்தும் மாறலாம் என்று அறிவிக்கும் வாலடைல் ஆகிய இரண்டையும் ஒரே பெயருக்குச் சேர்த்தே இடவும் செய்யலாம். வன்பொருளின் நிலையைக் காட்டும் பதிவகம் (சிறு நினைவிடம்) ஒன்றை அப்படித்தான் அறிவிப்பர்: நிரலால் அதில் எழுத முடியாது, ஆனால் அதன் மதிப்பு நொடிக்கு நொடி மாறும்.

இந்த வேறுபாட்டைச் சொல்ல ஆங்கிலம் திணறுகிறது; தமிழில் தன்வினையும் பிறவினையும் அதை எளிதில் பிரித்துவிடுகின்றன. மாறு தன்வினை, மாற்று பிறவினை. மாறாதது மாறிலி, நாம் மாற்ற இயலாதது மாற்றவியலாதது. மேற்சொன்ன பதிவகம் மாற்றவியலாதது, ஆனால் மாறிலி அன்று. எனவே சி, சி++ மொழிகளின் கான்ஸ்ட் என்ற அடைமொழியை விளக்கும்போது மாற்றவியலா என்றோ, இன்னும் எளிமையாகப் படிக்க மட்டும் என்றோ எழுதுவதே சரி. ஜாவா மொழியினர் கான்ஸ்ட் என்பதை ஒதுக்கப்பட்ட சொல்லாக வைத்துக்கொண்டு, பயன்பாட்டுக்கு ஃபைனல் என்பதைத் தேர்ந்தனர். பைத்தானில் இதற்கென மொழிவிதியே இல்லை. பெயரைப் பேரெழுத்துகளில் எழுதுவது மரபு, அம்மரபை மீறினாலும் நிரல் ஓடும்.

2015இல் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வந்த கான்ஸ்ட் இதனினும் மெல்லியது. அது மதிப்பைக் காப்பதில்லை. பெயருக்கும் மதிப்புக்கும் உள்ள பிணைப்பை மட்டுமே காக்கிறது. கான்ஸ்ட் என்று அறிவித்த பட்டியலில் புதிய உறுப்பைச் சேர்க்கலாம், பழையதை நீக்கலாம். அப்பெயருக்கு வேறொரு பட்டியலைக் கொடுக்க முயன்றால் மட்டுமே பிழை எழும். அப்போது குரோம் உலாவி காட்டும் பிழைச்செய்தியைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், 'மாறாத மாறிக்கு மதிப்பளிப்பு' என்று வரும். ஆங்கிலத்தில் உறுத்தாமல் போகும் முரண் தமிழில் உடனே தெரிந்துவிடுவதால், மொழிபெயர்ப்பவர் அதை விலக்கி, 'மறுமதிப்பு ஏற்காத பெயருக்கு மதிப்பு அளிக்கப்பட்டுள்ளது' என்று நடந்ததையே எழுதிவிடலாம்.