எபிடெமியாலஜி: தொற்றுநோயியலா, நோய்ப்பரவலியலா?

"புகைபிடிப்போருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் எனத் தொற்றுநோயியல் ஆய்வுகள் தெரிவிக்கின்றன." நலவாழ்வுப் பக்கங்களில் இந்த வாக்கியத்தை இன்னும் எத்தனை முறைதான் படிப்பது? நுரையீரல் புற்றுநோய் எப்போது ஐயா தொற்றுநோய் ஆனது? பக்கத்தில் இருப்பவர் இருமினால் ஒட்டிக்கொள்ளுமா?

நோய் எந்த மக்களிடம் குவிந்திருக்கிறது, ஏன் என்று ஆராயும் துறை எபிடெமியாலஜி. அதைத்தான் 'தொற்றுநோயியல்' என்று மொழிபெயர்க்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் எளியது. கிரேக்கத்தில் எப்பி என்றால் மேல், டெமோஸ் என்றால் மக்கள், லோகோஸ் இங்கே இயல். கிருமி என்ற பேச்சே அதில் கிடையாது.

கிருமி வந்து சேர்ந்தது வரலாற்றால். 1850இல் இத்துறைக்கென லண்டனில் ஒரு சங்கம் தொடங்கியபோது ஊரையே அச்சுறுத்திக்கொண்டிருந்தது காலரா. அன்றைக்குக் 'கொள்ளைநோயியல்' என்று யாராவது பெயர் வைத்திருந்தால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நூறு ஆண்டு கழித்து, 1950இல், அதே லண்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்களையும், வேறு நோய்களுக்காக மருத்துவமனையில் இருந்த 649 ஆண்களையும் ஒப்பிட்டார்கள். புகைக்காதவர்கள் முதல் கூட்டத்தில் 2 பேர், இரண்டாவதில் 27 பேர். அப்புறம் 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்கே கேள்வித்தாள் அனுப்பினார்கள். பதில் எழுதிய சுமார் 34,000 ஆண் மருத்துவர்களை அந்த ஆய்வு 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. விடாமல் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்தாண்டு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். யார் புகைத்தார், யார் எதனால் இறந்தார் என்ற கணக்குதான் முழுக்க. இதற்குத் 'தொற்று' என்று பெயரா?

தொற்றுநோயும் இத்துறையில் அடக்கம்தானே என்பார்கள். அடக்கம்தான். அதற்காகச் சமையலறையைக் காட்டி அதுதான் வீடு என்பதா? தொற்றுநோயை ஆராயும்போதுகூட அந்தப் பெயர் முழுதாகப் பொருந்துவதில்லை. 2003இல் வெளியான தமிழ்நாட்டு ஆய்வு ஒன்று, இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை உயிரோடிருந்த 35,000 ஆண்களுடன் ஒப்பிட்டது. புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. காசநோய் தொற்றுநோய்தான், ஆனால் அங்கே அளந்தது பீடியையும் சிகரெட்டையும்.

எனவே என் வாக்கு 'நோய்ப்பரவலியல்' என்ற சொல்லுக்கு. பரவல் என்றாலும் தொற்றுவதுதானே என்று கேட்பவர்கள் பள்ளிப் புள்ளியியலை நினைவுபடுத்திக்கொள்ளலாம். 'இயல்நிலைப் பரவல்' என்று படித்தோமே, அங்கே எது எதைத் தொற்றியது? எண்கள் எங்கே குவிந்து எங்கே சிதறிக் கிடக்கின்றன என்பதுதான் பரவல். நோய் எந்த மக்களிடம் குவிந்திருக்கிறது, ஏன் என்று கேட்கும் துறைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று எனக்குத் தோன்றவில்லை. 'நோய்ப்பரவியல்' என்று சுருக்குகிறார்கள் சிலர். சுருக்கும்போது 'பரவல்' என்ற பெயர்ச்சொல்லே காணாமல் போய், வெறும் பரவுதல் மிஞ்சுகிறது. அந்த ஓரெழுத்து மிச்சம் எனக்கு வேண்டாம்.

இந்த ஆய்வுகளை மொழிபெயர்ப்பவர்கள் அடுத்துச் சறுக்குவது 'ரிலேட்டிவ் ரிஸ்க்' என்ற இடத்தில். கணினி அதை 'உறவினர் ஆபத்து' என்று கொடுத்தால் அப்படியே அச்சேற்றிவிடுவதா? உறவினரால் ஆபத்து உண்டுதான், ஆனால் அது வேறு துறை. புகைக்காதவருக்கு ஒன்று என்றால் புகைப்பவருக்கு எத்தனை மடங்கு என்று சொல்லும் அளவு அது. 'ஒப்பீட்டு இடர்' என்று எழுதினால் போதும்.