வீரியப்படியும் பரவல்நிலையும்: ‘கிரேடு’, ‘ஸ்டேஜ்’ சொல் விளக்கம்

கணையத்தில் ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து தோன்றும் நரம்பு நாளமில்லாச் சுரப்புக் கட்டிகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலர், ‘கிரேடு’, ‘ஸ்டேஜ்’ ஆகிய இரண்டையும் ‘நிலை’ என்ற ஒரே சொல்லால் பெயர்த்துவிடுகின்றனர். நோயின் போக்கைக் கணிப்பதற்கு இவ்விரண்டையும் தனித்தனியே அளந்து, பிறகு சேர்த்துப் பார்க்கவேண்டியிருப்பதால், இக்கட்டியைப் பொறுத்தவரை சொற்குழப்பம் பொருட்குழப்பமாகவே முடியும்.

‘கிரேடு’ என்பதன் மூலம் இலத்தீனின் ‘கிராதுஸ்’. காலடி, படி என்பன அதன் பொருள். ‘ஸ்டேஜ்’ என்பதோ நிற்றலைக் குறிக்கும் ‘ஸ்தாரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பழம் பிரெஞ்சு வழியாக வந்தது. நம் ‘நிலை’யும் ‘நில்’ என்ற வினையடியில் பிறந்ததே என்பதால், ஸ்டேஜுக்கு அது வேர்வரை பொருந்துகிறது. (உறுப்பின் பெயரிலும் இப்படியொரு பொருத்தம் உண்டு: ‘பான்கிரியாஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘முழுதும் சதை’ என்று பொருள், இலங்கைப் பாடநூல்கள் கணையத்தைச் ‘சதையி’ என்றே வழங்குகின்றன.)

சிக்கல் கிரேடில்தான் இருக்கிறது. ‘தரம்’ என்பது ஓரளவு ஒத்துவரும். முதல் தரம் நல்லது, மூன்றாம் தரம் மட்டமானது என்ற நம் வழக்கு கட்டிக்கும் பொருந்துகிறது. ஆனால், வேகமாக வளரும் கட்டியை ‘உயர்தரக் கட்டி’ என்று எழுதினால், தமிழ்நாட்டு வாசகருக்கு அரிசிக்கடையும் இலங்கை வாசகருக்குப் பொதுத்தேர்வும் நினைவுக்கு வருமேயன்றி, ஆபத்து நினைவுக்கு வராது. எனவே, கிரேடுக்கு ‘வீரியப்படி’ என்றும் ஸ்டேஜுக்குப் ‘பரவல்நிலை’ என்றும் வழங்குவதே என் பரிந்துரை.

வீரியப்படி, செல்கள் பெருகும் வேகத்தைச் சொல்வது. நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியின் கீழ் 2 சதுர மில்லிமீட்டர் பரப்பில் பிளவுறும் செல்களை எண்ணுகிறார். பெருகும் செல்களில் காணப்படும் கீ-67 என்ற புரதம் உள்ள செல்கள் நூற்றுக்கு எத்தனை என்றும் கணக்கிடுகிறார். ஜெர்மனியின் கீல் நகர ஆய்வுக்கூடத்தில், சோதனைத் தட்டின் 67ஆம் குழியில் இதற்கான எதிர்ப்பொருள் கிடைத்ததால் வந்த பெயர் அது. கீ-67 அளவு 3 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் படி 1. 3 முதல் 20 வரை படி 2. அதற்கு மேல் படி 3. இரு கணக்குகளும் வேறுபட்டால், உயர்ந்த படியே கொள்ளப்படும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு வகைப்பாட்டில், படி 3இல் வந்த அனைத்தும் ‘கார்சினோமா’, அதாவது புற்று, என்றே பெயர் பெற்றன. வேகமாகப் பெருகினாலும் செல்களின் வடிவமும் அடுக்கும் சிதையாத கட்டிகள் உண்டு என்றும், அவற்றின் போக்கு உண்மையான புற்றினும் மெதுவானது என்றும் தெரிந்தபின், 2017இல் அவற்றைப் ‘படி 3 கட்டி’ என்று தனியே பிரித்தனர். ஆகவே, இங்கே கட்டி, புற்று என்ற இரு சொற்களையும் ஒன்றுக்கு மற்றொன்றாக மாற்றி எழுதுவது பிழை. மருந்துத் தேர்வே அதனால் மாறுகிறது.

பரவல்நிலை, நோய் எங்கெங்கு சென்றுள்ளது என்பதைச் சொல்வது. பிரான்சின் பியேர் தெனுவா 1940களில் வகுக்கத் தொடங்கிய டி.என்.எம். முறையில் கட்டியின் அளவு, நிணக்கணு, தொலைபரவல் ஆகிய மூன்றும் பார்க்கப்படும். கணையத்துக்குள் அடங்கிய, 2 செ.மீ.க்கும் குறைவான கட்டி நிலை 1. நிணக்கணுவுக்குச் சென்றிருந்தால் நிலை 3. கல்லீரல் போன்ற தொலைவுறுப்பை அடைந்துவிட்டால் நிலை 4.

இரண்டையும் சேர்த்தே எழுதவேண்டும். ‘வீரியப்படி 1, பரவல்நிலை 4’ என்றால், கட்டி கல்லீரலுக்குப் பரவியிருந்தும் மெல்ல வளர்வதால், நோயாளி பல ஆண்டுகள் வாழக்கூடும். வெறுமனே ‘நான்காம் நிலை’ என்று படிக்கும் குடும்பத்தாருக்கு இந்தச் செய்தி எட்டுவதேயில்லை.