காய்ச்சல் இல்லாத குழந்தைக்கும் ரத்தப் பரிசோதனை: ஒடிசாவின் 'தமன்' திட்டம்

குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கிறது, உடம்பும் சுடவில்லை. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, விரலில் ஊசி குத்தி ரத்தம் பார்க்க வேண்டும் என்றால் எந்தத் தாய்க்கும் தயக்கம் வரும். ஒடிசாவின் மலைக் கிராமங்களில் 2017-ல் தொடங்கிய 'தமன்' திட்டம் முதலில் பதில் சொல்ல வேண்டியிருந்தது இந்தத் தயக்கத்துக்குத்தான்.

திட்டத்தின் முழுப் பெயர் 'துர்கம அஞ்சலரே மலேரியா நிராகரண்'. எளிதில் போய்ச்சேர முடியாத பகுதிகளில் மலேரியாவை ஒழிப்பது என்று பொருள். மல்கான்கிரி, கோராபுட், ராயகடா, கந்தமாள் போன்ற மாவட்டங்களில் ஓடையும் காடும் தாண்டிப் போக வேண்டிய குக்கிராமங்களுக்கானது. 2016-ல் ஒடிசாவில் மட்டும் 4,44,843 பேருக்கு மலேரியா உறுதியானது. அந்த ஆண்டு நாடு முழுக்கப் பதிவானதில் ஐந்தில் இரண்டு பங்கு அது.

சரி, காய்ச்சல் இல்லாதவருக்கு எதற்குப் பரிசோதனை? மலேரியா அடிக்கடி வந்துபோகும் ஊரில் பெரியவர்களின் உடம்பு கிருமிக்கு ஓரளவு பழகிவிடும். காய்ச்சல் அடிக்காது, கிருமி மட்டும் ரத்தத்தில் இருந்துகொண்டே இருக்கும். ராத்திரியில் பாட்டியைக் கடிக்கும் அனாஃபிலிஸ் கொசு (மலேரியாவைப் பரப்புவது இதுதான்), பத்துப் பதினைந்து நாள் கழித்து அதே குடிசையில் தூங்கும் பேரனையும் கடிக்கலாம். அந்தப் பேரனுக்கு எதிர்ப்புச் சக்தி இன்னும் உருவாகியிருக்காது. சில குழந்தைகளுக்கும் காய்ச்சல் தெரியாமலே கிருமி தங்கிவிடுகிறது. அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டே இருப்பதால் பிள்ளை வெளுத்துப் போகும், சாப்பாடு உடம்பில் ஒட்டாது. 'சோனிக் குழந்தை' என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். காரணம் மலேரியாவாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. அதனால்தான் இந்த முகாம்களில் சின்னக் குழந்தைகளின் எடையையும் பார்க்கிறார்கள், ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். திட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முகாம் வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும். கைக்குழந்தை முதல் கிழவர்வரை ஊரில் எல்லோருக்கும் பரிசோதனை. கிருமி இருந்தால் மருந்தை அங்கேயே தொடங்கிவிடுவார்கள். வீட்டுச் சுவர்களுக்கு மருந்தடிப்பதும், கொசுவலை ஒழுங்காகப் பயன்படுகிறதா என்று பார்ப்பதும் இதோடு சேர்ந்தவை. எதற்கும் காசு கிடையாது.

பரிசோதனை அட்டை விரல் நீளம்தான் இருக்கும். குழந்தையின் விரலிலிருந்து (ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் குதிகாலிலிருந்து) ஒரு பொட்டு ரத்தம் எடுத்து அதன் சின்னக் குழியில் வைத்து, கூடவே வரும் திரவத்தைச் சொட்டுவிடுவார்கள். கால் மணி, இருபது நிமிஷத்தில் கோடுகள் தெரியும். அட்டை வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் வந்தால் கிருமி தென்படவில்லை. கூடுதல் கோடு வந்தால் மலேரியா. கோடு விழும் இடத்தை வைத்து மலேரியாக் கிருமியின் எந்த வகை, ஃபால்சிபாரமா வைவாக்ஸா என்று சொல்லிவிடலாம். கட்டுப்பாட்டுக் கோடே வரவில்லை என்றால் அட்டை செல்லாது, வேறு அட்டையில் திரும்பப் பார்க்கச் சொல்ல வேண்டும். எல்லாம் தாயின் கண்முன்னே நடக்கிறது. ரத்தத்தை எங்கேயோ கொண்டுபோகிறார்கள் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

மருந்திலும் ஒரு நல்ல யோசனை இருந்தது. ஃபால்சிபாரத்துக்கு அரசு கொடுத்துவந்த மூன்று நாள் மருந்து அட்டைகளை வயதுக்கு ஒரு நிறமாகப் பிரித்திருந்தார்கள். ஒரு வயதுக்குள் இளஞ்சிவப்பு, 1 முதல் 4 வயதுவரை மஞ்சள், பெரியவர்களுக்கு வெள்ளை. எழுத்துத் தெரியாத தாய்க்கும் எந்த அட்டை எந்தப் பிள்ளைக்கு என்று குழப்பம் வராது. சிக்கல் இரண்டாம் நாளில்தான். முதல் நாள் மருந்திலேயே காய்ச்சல் இறங்கிவிடும், மிச்ச மாத்திரை கூரை இடுக்கில் செருகப்பட்டுவிடும். வைவாக்ஸ் என்றால் குளோரோகுயின் மூன்று நாள், ப்ரைமாகுயின் 14 நாள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு ப்ரைமாகுயின் கூடாது. அதைச் சாப்பிடும் பிள்ளைக்குச் சிறுநீர் கறுத்து வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷாவிடம் சொல்ல வேண்டும்.

ஆஷா என்று சொன்னேனே, திட்டத்தின் முதுகெலும்பு அவர்தான். அதே ஊர்ப் பெண். முகாம் இல்லாத மாதங்களிலும் பரிசோதனை அட்டையும் மருந்தும் அவரிடம் இருக்கும். அவர் பேசும் மொழியும் முக்கியம். கந்தமாள் பக்கம் பல வீடுகளில் பேசுவது குயி. தமிழுக்கு உறவான திராவிட மொழி, ஒடியாவோடு தொடர்பில்லாதது. ஒடியாவில் அச்சடித்த சுவரொட்டியை ஆயிரம் ஒட்டினாலும் அந்தத் தாயிடம் போய்ச்சேராது. மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுப்பதை ஆஷா குயியில் சொல்லி, செய்தும் காட்டினால் போய்ச்சேரும்.

கொசுவலைக்கு இதற்கு முன்பே 'மோ மஷாரி', அதாவது 'என் கொசுவலை' என்று ஒரு திட்டம் ஒடிசாவில் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் பழங்குடி மாணவர் விடுதிகளுக்கும் வலை கொடுத்தார்கள். மருந்தேற்றிய வலையைப் புதிதாகப் பிரித்ததும் ஒரு நாள் நிழலில் காயப்போட வேண்டும். துவைத்தாலும் நிழல்தான், வெயிலில் போட்டால் மருந்தின் வீரியம் போய்விடும்.

பலன் தெரிந்தது. 2018-ல் ஒடிசாவின் மலேரியா எண்ணிக்கை 66,301-க்கு இறங்கியது. 2022-ல் இன்னும் குறைந்தது. ஆனால் 2023-ல் மறுபடி 40,000-ஐத் தாண்டியது. மழை வருஷா வருஷம் வரும், முகாமும் அப்படியே வர வேண்டும்.

அப்புறம், இரண்டு முகாமுக்கு நடுவில் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே ஆஷாவிடம் காட்ட வேண்டும். வலிப்பு வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடந்தாலோ, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலோ மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அதற்கு ஆர்ட்டிசுனேட் ஊசி வேண்டும். ஆஷாவைக் கூடவே அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும், ராத்திரியாக இருந்தாலும்.